கம்பியில்லா வலையிற் கணினிக்குக் காப்பு

கடிதத்தை உறையிலிட்டு அரக்கு முத்திரை பதித்து அனுப்பினும், உறையின்மேல் எழுதப்பட்ட முகவரியை வழியிலுள்ளார் யாவரும் படித்தல் கூடும். கம்பியில்லா வலையமைப்பின் இயல்பும் அத்தகையதே. “கடவுச்சொல் இட்டுள்ளேன், ஆதலின் அச்சமில்லை” என்று கருதுவோர் நம்மிற் பலர். அவர் பூட்டியது கடிதத்தை மாத்திரமே, உறையை அன்று. அவ்வுறையைப் பற்றிச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைபை எனப்படும் இம்முறைக்குரிய முதல் நியமம் 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இம்முறையிற் பேசும் கருவி ஒவ்வொன்றுக்கும் அதனை உற்பத்தி செய்தோர் ஓர் எண் இட்டுள்ளனர். மாக் முகவரி என்பது அதன் பெயர். 48 பிற்றுக்களால் ஆகிய அவ்வெண், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 12 குறிகளாக எழுதப்படும். கருவி அனுப்பும் ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அது மறைக்கப்படாமலே செல்கின்றது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2, 2018இல் வந்த டபிள்யூபிஏ3 ஆகிய காப்பு முறைகள் செய்தியை மறைகுறியாக்குமேயன்றி இவ்வெண்ணை மறைப்பதில்லை.

வலையிற் சேர்ந்தாற்றான் இது நிகழும் என்று எண்ணற்க. சேராத கருவியும், அருகில் வலை யாதும் உண்டோ என அடிக்கடி வினவிக்கொண்டேயிருக்கும். பழைய கருவிகள் அவ்வினாவிலும் தம் மெய்யெண்ணையே வைத்தன. ஆதலின், தெருவில் நடந்து சென்றவரையும் எண்கொண்டு பின்தொடர முடிந்தது. 2013ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் நடுப்பகுதியில், ஒரு விளம்பர நிறுவனத்தின் குப்பைத்தொட்டிகள் சில, கடந்து செல்வோரின் கைத்தொலைபேசி எண்களை இவ்வாறு திரட்டின. செய்தி வெளிப்பட்டதும் நகர ஆட்சியினர் அதனை நிறுத்துமாறு பணித்தனர். 2016இல் அந்நகரின் சுரங்க இரயிற் சேவையினரும், 54 நிலையங்களில் நான்கு வாரங்கள், பயணிகள் செல்லும் வழிகளை வைபை மூலம் ஆராய்ந்தனர். அவர் அறிவித்தல் ஒட்டியும் எண்களை உருமாற்றியுமே செய்தனர். எனினும் முறை ஒன்றே.

இதற்கு மாற்று யாது? மெய்யெண்ணுக்குப் பதிலாகப் பொய்யெண் ஒன்றை வழங்குதலே. ஐபோன்கள் 2014இல் வலையைத் தேடும்பொழுதும், 2020 முதல் வலையிற் சேரும்பொழுதும் இதனைச் செய்யத் தொடங்கின. 2019இல் வந்த அண்ட்ராயிட் 10 முதல் பிற கைத்தொலைபேசிகளும் இம்முறையை மேற்கொண்டன. விண்டோஸ் கணினிகளிலோ பெரும்பாலும் உரியவரே அமைப்புப் பகுதியின் வைபைப் பக்கத்திற் சென்று, எழுமாறான முகவரி என்னும் வசதியை இயக்குதல் வேண்டும். இயங்குகின்றதா என்று அறிதலும் எளிது. முகவரியின் இரண்டாங் குறி 2, 6 என்னும் எண்களில் ஒன்றாகவோ, ஏ, ஈ என்னும் ஆங்கில எழுத்துக்களில் ஒன்றாகவோ இருப்பின் அது உற்பத்தியாளர் இட்ட எண் அன்று. பதிவு செய்த எண்ணையே ஏற்கும் அலுவலக வலைக்கு மாத்திரம் இவ்வசதியை நிறுத்திக்கொள்ளலாம்.

வேறு சில நெறிகளும் உள. விடுதியிலும் விமான நிலையத்திலும் ஒருமுறை சேர்ந்த வலைகளைப் பட்டியலினின்று நீக்குக. தானாகச் சேர்தலை நிறுத்துக. வீட்டு வலையின் பெயரை மறைத்து வைத்தல் காப்பெனச் சிலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. மறைந்த வலையைத் தேடும் கருவி, செல்லுமிடமெல்லாம் அதன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டேயிருக்கும்!

எண்ணை மாற்றிய பின்னர், பொது வலையிற் சேருவதற்குத் தம் மெய்ப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுப்பவர், முகமூடி அணிந்து பெயர் கூறுபவரையே ஒப்பர். கருவியின் எண் மறையினும் அவர் மறையார்.

குற்றமற்றவனுக்கு மறைவு எதற்கு என வினவுவாரும் உளர். ஒருவன் எந்த வைத்தியரிடம் சென்றான், எந்தக் கூட்டத்தில் இருந்தான், எவர் வீட்டில் எத்துணை நேரம் தங்கினான் என்பன குற்றங்களல்ல. ஆயினும் அவை அவனுக்கே உரியவை. அவற்றை அறிய விரும்புவோர் அவனைக் கேட்டு அறிதலே முறை. ஆதலின், இதனைப் படிக்கும் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் கணினியின் இரண்டாங் குறியை இன்றே பார்த்தறிவாராக.