கோச் சம்பளம்: செலவா, முதலீடா?

அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் கேம்ல பெரிய பேர் உள்ள கோச்சை மெயின் டீமுக்கு எடுத்துட்டு, மைனர் லீக் டீம்களுக்கு மிச்சம் மீதி ஆளைப் போடுறீங்களா? வளர வேண்டிய பசங்க இருக்கறதே அங்கதான்!

1. உங்க நல்ல இளம் வீரர்கள் எந்த லெவல்ல இருக்காங்கன்னு முதல்ல பாருங்க.
2. அங்க பிட்சர்கள் அதிகம்னா பிட்சிங் கோச்சுக்கும், பேட்டர்கள் அதிகம்னா ஹிட்டிங் கோச்சுக்கும் பணத்தை ஒதுக்குங்க.
3. கோச்சோட புகழை விட, கற்றுத்தரும் திறன்தான் முக்கியம்.

கணக்கு சிம்பிள். நிஜ மேஜர் லீக்ல 2025-ன் குறைந்தபட்ச சம்பளம் 7,60,000 டாலர். நாமே வளர்த்த வீரர் பெரும்பாலும் முதல் மூணு வருஷம் இதையொட்டிய சம்பளத்துலதான் ஆடுவார். அதே தரமான ஆளை வெளிச்சந்தையில எடுத்தா பல மில்லியன் போகும். கோச் சம்பளம் எஸ்ஐபி மாதிரி. ஒரே சீசன்ல பலன் தெரியலன்னு நிறுத்திடாதீங்க.