காமன் கூத்தைப் படம் பிடிக்க யாரிடம் கேட்பது?

கேள்வி: ஐயா, நான் ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். லீவு நாட்களில் கெமராவும் கையுமாகத் திரிவேன். போன மாசியில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தைப் பார்க்கப் போனேன். தோட்டத்து ஆபிசில் சொல்லிவிட்டுத்தான் போனேன். இருந்தும் இரதி புலம்பும் கட்டத்தில் கூத்து மாஸ்டர் என் கெமராவைக் கையால் மறைத்துவிட்டார். திறந்த வெளியில் நடக்கும் கூத்துதானே? போனில் எத்தனையோ பேர் எடுத்தார்கள். என்னை மட்டும் தடுத்தது நியாயமா? சட்டம் என்ன சொல்கிறது?
- வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, ஆபிசில் நீங்கள் வாங்கியது தோட்டத்துக்குள் கால் வைக்கும் அனுமதி. நிலம் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, ஆகவே வெளியாள் அங்கே கேட்பது முறைதான். ஆனால் கூத்து கம்பனியுடையது அல்ல. மாஸ்டரும் ஆடுகிறவர்களும் லயத்துச் சனமும்தான் அதற்குச் சொந்தக்காரர்கள். அவர்களிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆடுகிறவருக்கு ஓர் உரிமை தருகிறது. அவருடைய ஆற்றுகையைப் பதிவு செய்யவும் ஒளிபரப்பவும் அவர் சம்மதம் வேண்டும். முகநூலில் நேரலை விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் ஆடல்களையும் கூத்துகளையும் காக்கிறது. சொந்தத் தேவைக்கு எடுப்பதை அது தடுக்கவில்லை. காசுக்காகவோ கூத்தின் மரபான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்தினால்தான் அனுமதி தேவை. வெளியிடும்போது எந்தச் சமூகத்தின், எந்த ஊரின் கலை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் அனுமதி தரும் அதிகாரத்தை அமைச்சர் தீர்மானிக்கும் ஓர் அதிகார சபையிடம் சட்டம் கொடுத்திருக்கிறது, கூத்தை ஆடும் மக்களிடம் அல்ல. இது எனக்குச் சற்றும் ஒப்பாத ஏற்பாடு.

உங்கள் அறையில் மாட்டும் படத்துக்குச் சட்டத்தால் தொல்லை வராது. அதே படத்தைக் காலண்டர்காரருக்கோ ஹோட்டலுக்கோ விற்றால் கதை வேறு.

மாஸ்டர் கைநீட்டியது சட்டத்துக்காக இருக்காது. இரதியும் மன்மதனும் காப்புக் கட்டி விரதமிருந்து ஆடுகிறவர்கள். மன்மதன் எரிந்த பிறகு இரதி புலம்பும்போது பார்க்கிறவர்களுக்கும் அருள் வந்துவிடும். தன்னை மறந்து கிடக்கும் ஒருவரின் முகம் மறுநாள் ஊரெல்லாம் போனில் சுற்றினால் அவர் எப்படிக் கொழுந்து மலைக்குப் போவார்? போனில் எடுத்தவர்கள் அவருடைய மாமன் மச்சான்கள். தவறினால் கேட்க ஆளுண்டு. உங்களை எங்கே தேடுவது?

கெமராவோடு வரும் வெளியாள் மேல் இருக்கும் இந்தச் சந்தேகத்துக்குப் பழைய காரணமும் உண்டு. ஜூலியா மார்கரெட் கெமரோன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் படக்கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்தார். 48 வயதில் மகள் பரிசளித்த கெமராவோடு தொடங்கியவர், உங்களைப் போல ஆசையால் இந்தக் கலைக்குள் வந்தவர். 1879இல் இறந்து பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கமானார். அவர் இங்கே எடுத்த படங்களில் மிஞ்சியவை கொஞ்சம். அவற்றில் ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்'. எடுத்தவர் பெயரை உலகம் அறியும், படத்தில் நின்றவர்கள் யாரென்று தெரியாது. அதன் பிறகு கொழும்பு ஸ்டூடியோக்கள் கொழுந்து பறிக்கும் பெண்களை அஞ்சலட்டையாக்கி விற்றபோதும் இதேதான் நடந்தது.

அடுத்த மாசியில் காப்புக் கட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள். மாஸ்டரிடமும் தோட்டத் தலைவரிடமும் எந்தக் கட்டத்தை எடுக்கக்கூடாது என்று கேளுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, அகலத் திறக்கும் லென்ஸ் போட்டால் தீவெளிச்சமே போதும். ஆட்டக்களத்துக்குள் நுழையாதீர்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தனியாக வேண்டும், இங்கே ட்ரோனே அவசியமில்லை. படத்தை வெளியிட்டால், ஆடியவர் சம்மதித்தால் அவர் பெயரைப் போடுங்கள். தோட்டத்தின் பெயரை எப்போதும் போடுங்கள்.

போன மாசியில் எடுத்த படங்களையும் சும்மா வைத்திருக்க வேண்டாம். பிரின்ட் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை அழிக்க வேண்டும் என்று மாஸ்டரிடமே கேளுங்கள். பிரின்ட்டுகளை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.