விரல் செய்த வேலை

எங்கள் வண்ணாரப்பேட்டைக்குப் பெயரே துணியால் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை இது. அந்நாளில் அத்துணிகளின் நூல் முழுவதும் கையால் நூற்றது. அந்தக் கையின் வேலையை இயந்திரம் எவ்வாறு எடுத்துக்கொண்டது என்பதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

நூற்பதில் இரு செயல்கள் உண்டு: பஞ்சை மெல்லிதாக இழுப்பது, இழுத்ததை முறுக்குவது. இராட்டையில் முறுக்குவது கதிர். இழுப்பது நம் விரல்கள். 1760-களில் இங்கிலாந்தில் ஹார்கிரீவ்ஸ் என்னும் நெசவாளி ஒரே சக்கரத்தில் எட்டுக் கதிர்களைப் பூட்டினார். அதுவே ‘ஸ்பின்னிங் ஜென்னி’. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய அண்டை அயலார் 1768-இல் அவர் வீடு புகுந்து இயந்திரங்களை உடைத்தனர். அவர்கள் அச்சம் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் பெரிய மாற்றம் கதிரில் அன்று, உருளையில்தான் நேர்ந்தது என்பேன். மெதுவாகச் சுழலும் ஓர் இணை உருளை. அதற்கு முன்னே வேகமாகச் சுழலும் மற்றோர் இணை. இரண்டுக்கும் நடுவே பஞ்சு தானாக நீண்டு மெலிகிறது. லூயிஸ் பால் 1738-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்; தொழிலாக வென்றது 1769-இல் காப்புரிமை பெற்ற ஆர்க்ரைட்டின் இயந்திரம். விரலுக்கு வேலை போயிற்று! 1779-இல் கிராம்ப்டனின் ‘மியூல்’ மஸ்லினுக்குரிய மெல்லிய நூலையும் இழுத்தது. 1828-இல் அமெரிக்கரான ஜான் தார்ப் வளைய நூற்புக்குக் காப்புரிமை பெற்றார்.

என் தாத்தா ஓர் ஆலையில் அத்தகைய வளைய இயந்திரத்தின் முன் நின்று அறுந்த இழைகளை ஒட்டியவர். “மிஷின் எல்லாம் செய்யும், அறுந்தா ஒட்டத் தெரியாது” என்பார்.

ஆலையின் வேகத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாதா? 1929-இல் காந்தியடிகளின் அகில இந்திய நூற்போர் சங்கம் ஒரு இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எட்டு மணி நேரத்தில் 16,000 கஜம் நூற்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. பின்னர், 1949-இல், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருளையையும் வளையத்தையும் கையால் சுற்றும் இராட்டையில் அமைத்துக் காட்டினார். அவர் பெயரிலிருந்தே ‘அம்பர்’ சர்க்கா எனப் பெயர் வந்தது.

ஒரு கதர்க் கண்காட்சியில் தாத்தாவுக்கு அதைக் காட்டினேன். குனிந்து உருளையைத் தடவிப் பார்த்தார். “நம்ம மிஷின்தான்டா, உட்கார்ந்து ஓட்டலாம் போல” என்றார்.