பிள்ளைக்குக் கழிப்பறைப் பழக்கம்: அடியும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்



"ஒன்றரை வயசு ஆச்சு, இன்னும் ஜட்டியிலேயே போறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வயசிலேயே சொல்லுதாம்" என்று குறைப்படும் தாய்மார்கள் பலர். இதில் குறைப்பட ஒன்றும் இல்லை. நடப்பதும் பேசுவதும் பிள்ளைக்குப் பிள்ளை மாறுவது போல இதுவும் மாறும்.

எப்போது தொடங்கலாம்?

வயிறு முட்டுகிறது, சிறுநீர் வருகிறது என்று உணரவும், சற்று நேரம் அடக்கவும் மூளையும் நரம்பும் வளர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் 18 மாதத்துக்கு மேல்தான் இது வரும். பல பிள்ளைகள் 2 வயதுக்கும் 3 வயதுக்கும் இடையில் பகலில் பழகிவிடுகின்றன.

அம்மா காலை நீட்டி, பாதத்தின் மேல் கைக்குழந்தையை உட்கார வைத்து "ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பது நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அப்போது நேரம் அறிந்து பழகியது அம்மா. பிள்ளை அடக்கக் கற்றுவிட்டது என்று எண்ணக் கூடாது.

பிள்ளை தயார் என்பதற்கு அடையாளங்கள்:

1. இரண்டு மணி நேரமாவது துணி நனையாமல் இருக்கும்.
2. போகும் முன் மூலைக்குப் போய் நிற்கும், முக்கும், துணியைப் பிடிக்கும்.
3. "வா", "உட்காரு" என்றால் புரிந்துகொள்ளும்.
4. தானே நடந்துபோய் உட்கார்ந்து எழும்.

பழக்குவது எப்படி?

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். அம்மா "கக்கா", பாட்டி "ஆய்", அப்பா "ரெண்டுக்கு" என்றால் பிள்ளைக்குக் குழப்பம்தான்.

சாப்பிட்டவுடன் குடல் அசையும். ஆகவே காலை ஆகாரம் முடிந்து கால் மணி நேரத்துக்குள் உட்கார வையுங்கள். ஐந்து நிமிஷம் போதும். வரவில்லையா? எழுப்பி விளையாட விடுங்கள்.

கழிப்பறைப் பீங்கான் பிள்ளைக்கு அகலம். உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும். தொடக்கத்தில் சிறு பிளாஸ்டிக் பாட்டியில், இரு பாதமும் தரையில் ஊன்றும்படி உட்கார வைக்கலாம். ஜட்டி சுலபமாகக் கழற்றக் கூடியதாக இருக்கட்டும். சரியாகப் போனால் "சமர்த்து" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தவறினால் பேசாமல் துடைத்து, துணி மாற்றுங்கள்.

அடித்தால் என்ன ஆகும்?

அடிக்குப் பயந்த பிள்ளை மலத்தை அடக்கும். அடக்கிய மலம் குடலில் இறுகும். அடுத்த முறை போகும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து மேலும் அடக்கும். நாளடைவில் இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் கசிந்து ஜட்டியில் படும். வீட்டில் உள்ளவர்கள் "வேணும்னே செய்யுது" என்று இன்னொரு அடி கொடுப்பார்கள். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு இருப்பது மலச்சிக்கல். அதற்குத் தேவை வைத்தியம், அடி அல்ல. வாழைப்பழம், கொய்யா, கீரை, போதிய தண்ணீர் கொடுத்து வந்தால் மலம் இறுகாமல் காக்கலாம்.

தம்பி, தங்கை பிறந்தபோதும், வீடு மாறியபோதும், காய்ச்சலுக்குப் பிறகும் பழகிய பிள்ளை மீண்டும் நனைக்கலாம். பொறுமையாக மறுபடி பழக்குங்கள்.

சின்னப் பிள்ளை மலம்தானே?

"பால் குடிக்கிற பிள்ளை மலம், ஒன்றும் செய்யாது" என்று சாக்கடையிலும் குப்பை மேட்டிலும் வீசுகிறோம். இது தவறு. பெரியவர் மலத்தில் உள்ளது போலவே இதிலும் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் புழு முட்டைகளும் இருக்கும். ஈயும், கையும், மழைத் தண்ணீரும் அதைச் சோற்றுக்கும் குடத்துக்கும் கொண்டு சேர்க்கும். வீசிய மலம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பேதியாகும்.

• மலத்தைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பாட்டி கழுவிய தண்ணீரும் அங்கேதான் போக வேண்டும்.
• பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். மலக்கிருமி சிறுநீர்ப் பாதையில் சேராது.
• கழுவிய பின் உங்கள் கை, பிள்ளை கை இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
• தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடந்து வருகிறது. 1 வயது முதல் மாத்திரை உண்டு. 2 வயது வரை அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பார்கள். அங்கன்வாடியில் கேளுங்கள்.

இரவில் நனைத்தால்?

பகலில் பழகிய பிள்ளையும் இரவில் பல மாதம், சில வருஷம்கூட நனைக்கலாம். 5 வயது வரை கவலை வேண்டாம். படுக்கும் முன் ஒண்ணுக்குப் போக வையுங்கள். மற்றவர் முன்னிலையில் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

எப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும்?

• சிறுநீர் போகும்போது அழுதால், கூடவே காய்ச்சல் இருந்தால்
• மலத்தில் ரத்தம் கண்டால்
• மலச்சிக்கல் தொடர்ந்து இருந்தால்
• 4 வயதாகியும் பகலில் பழகாவிட்டால்
• நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென அடிக்கடி சிறுநீர் கழித்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, உடல் மெலிந்தால். இது சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே வாருங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்: பிள்ளைக்குப் பொறுமை, மலத்துக்குக் கழிப்பறை, கைக்குச் சோப்பு!