மோட்டாரை மாற்றுவதற்கு முன்

பதினைந்து இருபது வருடம் ஓடிய குவாலிஸ், ஸ்கார்பியோ, சஃபாரி எதுவானாலும் சரி, கதவுக் கண்ணாடி பாதியில் நின்றால் பட்டறையில் முதலில் காதில் விழுவது ஒன்றுதான்: "மோட்டார் போயிருச்சுண்ணே, மாத்திரலாம்." மாற்றினால் ஓடவும் ஓடும். புது மோட்டாருக்குத் தெம்பு அதிகம், இறுக்கத்தையும் மீறிக் கண்ணாடியைத் தள்ளிவிடும். இறுக்கம் எங்கே இருந்ததோ அங்கேயே இருப்பதால், கொஞ்ச நாளில் பழைய கதை திரும்பும். திண்டுக்கல் சுற்றுவட்டாரப் புழுதியில் ஓடும் வண்டிக்குச் செலவு செய்யும் வரிசையே வேறு: முதலில் கண்ணாடி ஓடும் சேனலின் ரப்பர், அதாவது பீடிங், அடுத்து ஸ்விட்ச்சும் ஒயரும், அப்புறம் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டர், மோட்டார் கடைசி.

எதில் கை வைப்பது என்று கதவே சொல்லும். பொத்தானை அழுத்தியபடி காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், ஒயர், மோட்டார் நான்கில் ஒன்று. மோட்டார் சுற்றும் சத்தம் வந்து கண்ணாடி அசையாவிட்டால் ரெகுலேட்டர். பட்டறைக்காரர்கள் 'விண்டோ மிஷின்' என்பது இதைத்தான். சரசரவென்று இறங்கி, ஏறும்போது மட்டும் திணறினால் பீடிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கொஞ்ச நேரம் ஏறி நின்று, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஏறினாலும் அதேதான். அதிகச் சூட்டில் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும் அமைப்பு மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது, மோட்டார் சாகவில்லை.

ஒட்டன்சத்திரம், நத்தம் என்று தினமும் செம்மண் ஓரமாகப் போய்வரும் வண்டியின் கண்ணாடிச் சேனலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், மண் அப்பி வரும். வெயிலில் காய்ந்து சுருங்கிய ரப்பரோடு இந்தப் புழுதியும் சேர்ந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பலரும் மறந்துபோன இன்னொரு காரணம் சன் ஃபிலிம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்ததும் அவசர அவசரமாக உரித்துப் போட்டார்கள். ஃபிலிம் போனது, பசை சில வண்டிகளில் இன்னும் ஓரத்தில் இருக்கிறது. கண்ணாடியை முழுக்க ஏற்றினால் அது கண்ணில் படாது. பாதி இறக்கி, விளிம்பை விரலால் தடவினால் பிசுபிசுப்புத் தெரியும்.

வைத்தியம் எளிது. ஒரு தட்டையான குச்சியில் ஈரத்துணியைச் சுற்றிச் சேனலைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், கிரீஸ் மூன்றும் கூடாது. முதல் வாரம் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு புழுதியைக் கூட்டிச் சேர்க்கும். பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை ஊதவும் வைக்கும். ரப்பர் வெடித்திருந்தால் ஸ்ப்ரே காசு வீண், புது பீடிங்தான் வழி. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் லோக்கல் ரப்பரைவிட அந்த மாடலுக்கென்றே வார்த்த சேனல் மேல். தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் புது இறுக்கத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

ஸ்விட்ச் கோளாறைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஓட்டுநர் கதவில் இருக்கும் லாக் பொத்தானைப் பாருங்கள். யாராவது குழந்தை அழுத்தியிருக்கும். அப்புறம் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்விட்ச்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் மற்றக் கதவுகளுக்கான மின்சாரம் ஓட்டுநர் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது, ஆகவே பின்கதவு நின்றதற்கு முன்கதவே காரணமாகலாம். ஸ்விட்ச் நன்றாக இருந்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். திறந்து மூடியே அங்கே ஒயர் அறுந்திருக்கும். மோட்டாரைத் தனியாகச் சோதிக்க பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தால் போதும். மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும்.

ரெகுலேட்டர் விஷயத்தில்தான் உண்மையிலேயே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கத்தரிபோல் விரியும் இரும்பு ரகம் என்றால் பழுது பார்க்கலாம். தேய்ந்த ரிவெட்டை மாற்றி, காய்ந்த கிரீஸை வழித்துப் புதிது தடவினால் இன்னும் பல வருடம் ஓடும். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல்லில் ரிவெட் தட்ட ஆளா கிடைக்காது? கேபிள் ரகம் அப்படியல்ல. அதில் கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்தாலோ கேபிள் பிரிந்தாலோ ஒட்டுப்போடும் வேலை நிற்காது, முழு செட்டாக மாற்றுவதே மேல். கம்பெனி பார்ட் இன்னும் கிடைக்கிற மாடல் என்றால் அதையே வாங்கலாம். உற்பத்தி நின்ற வண்டிக்குக் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைதான். அங்கே வாங்குவதானால் இரும்பு ரகத்தை நம்பி வாங்குவேன். பழைய கேபிள் செட்டின் பிளாஸ்டிக்கும் உங்கள் வண்டியுடையதைப் போலவே அத்தனை கோடை வெயிலைப் பார்த்திருக்கும்.

கை ஹேண்டிலுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதே மாடலின் கீழ் வேரியன்ட்டில் ஹேண்டில் இருந்தால் பின்கதவுகளுக்குத் தாராளமாகச் செய்யலாம். பழைய வண்டிகள் பலவற்றில் விரல் சிக்கினால் கண்ணாடி தானே இறங்கும் வசதி இல்லை, குழந்தைகள் உட்காரும் பக்கத்துக்கு ஹேண்டிலே எனக்குப் பிடிக்கும். ஓட்டுநர் கதவுக்கு மட்டும் மோட்டாரை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க டெயில்கேட் கண்ணாடியே மோட்டாரில் இறங்கும் ஹைலக்ஸ் சர்ஃப் போன்றவை நம் பக்கம் அபூர்வம். அவற்றின் பழைய மாடல்களில் கண்ணாடி முழுக்க உள்ளே இறங்கினால்தான் கதவே திறக்கும். ஆகவே கண்ணாடி சிக்கினால் கதவும் சிக்கியது. பாதி இறங்கிய நிலையில் ஓட்டவும் கூடாது, புகைக்குழாயின் புகை உள்ளே வரும்.

எந்த வேலைக்கு டோர் பேடைக் கழற்றினாலும், முதலில் கண்ணாடியை டேப் போட்டு மேலே நிறுத்துங்கள். கத்தரி ரகத்தில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் விரல் ஜாக்கிரதை. மூடும்போது உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளைக் கசக்கி எறியாமல் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், கதவின் அடியில் இருக்கும் நீர் வடிதுளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். இரண்டையும் விட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கதவுக்குள் தேங்கி, நன்றாக இருக்கும் மோட்டாரே துருப்பிடிக்கும்.