அழகுச் சாலையைக் காப்பது யார்?

கேள்வி: அமெரிக்காவில் கிராமப்புறச் சாலைகளை ‘அழகுச் சாலை’ என்று அறிவிக்கிறார்களாமே, அந்த அழகு எப்படிக் காக்கப்படுகிறது?

பதில்: 1991-இல் தொடங்கிய தேசிய அழகுச் சாலைத் திட்டத்தில் இடம்பெற, சாலையை ஒட்டிய ஊர்களின் பங்கேற்புடன் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். எந்த மலைக்காட்சி, எந்தப் பழைய பாலம் காக்கத்தக்கது, புதுக் கட்டடம் எங்கே வரலாம் என்பதெல்லாம் அதில் அடங்கும். பட்டியல் போடுவது எளிது, சிக்கல் நிலத்தில்தான். கண்ணில் படும் வயலும் காடும் பெரும்பாலும் தனியார் சொத்து. ‘அழகுச் சாலை’ என்ற பெயர் மட்டும் அவற்றைக் கட்டுப்படுத்தாது. அதனால் சில உழவர்கள் நிலத்தை வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நில அறக்கட்டளைக்கு விற்றுவிடுகிறார்கள், உழவு தொடர்கிறது. விளம்பரப் பலகைக்கோ சட்டமே மருந்து. வெர்மாண்ட் மாநிலம் சாலையோர விளம்பரப் பலகைகளை 1968-லேயே தடைசெய்தது. கடை வாசலில் அந்தக் கடையின் பெயர்ப்பலகை வைக்கலாம்.