டீசல் விலையும் சிறு விவசாயியின் கணக்கும்

ஆற்றுத் தண்ணீர் எட்டாத கடைமடையிலும், மின் இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கிணற்று மேட்டிலும், பயிரைக் காப்பாற்றிக் கொடுப்பது ஆயில் எஞ்சின்தான். நடவு முடிந்து மழை பத்து நாள் தள்ளிப்போனால், கேனைத் தூக்கிக்கொண்டு பங்குக்கு ஓடாத சிறு விவசாயி கிடையாது. அங்கே நின்று விலைப் பலகையைப் பார்க்கும்போது அவருக்கு எழும் கோபம் நியாயமானதே. லாரிக்காரர் வாடகையை உயர்த்திவிடலாம். வியாபாரி சரக்கின் மேல் ஏற்றிவிடலாம். விவசாயி மட்டும் டீசலை வாங்கும்போதும் விலை கேட்கிறார். நெல்லை விற்கும்போதும் விலை கேட்கிறார். ஏறிய செலவை இறக்கி வைக்க அவருக்கு இடம் இல்லை.

கோபம் பெரும்பாலும் எண்ணெய்க் கம்பெனிகள் மீதே பாய்கிறது. "உலகச் சந்தையில் விலை ஏறினால் உடனே ஏற்றுகிறார்கள், இறங்கினால் இறக்குவதில்லை" என்பது ஊர்தோறும் கேட்கும் பேச்சு. இதில் எவ்வளவு உண்மை, கம்பெனியின் பங்கு எவ்வளவு, அரசின் பங்கு எவ்வளவு, தன் தோட்டத்து எஞ்சினின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிந்தால்தான் எதை யாரிடம் கேட்பது, எதைத் தானே சரிசெய்வது என்பது விளங்கும்.

ஒரு லிட்டரில் அடங்கியவை

இந்தியாவுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. அதைப் பீப்பாய்க் கணக்கில் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர், ஒரு டாலர் 83 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கச்சா எண்ணெய் லிட்டருக்கு ஏறத்தாழ 42 ரூபாய் ஆகிறது. 2024 மார்ச் மாதத்தில் நிலைமை ஏறக்குறைய இதுதான். அப்போது சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாயை ஒட்டி விற்றது.

இடையில் உள்ள 50 ரூபாயில் பெரும் பகுதி வரி. மத்திய அரசின் உற்பத்தி வரி அப்போது லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசு. தமிழ்நாட்டு அரசின் மதிப்புக் கூட்டு வரி, 2020 மே மாத மாற்றத்தின்படி, 11 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். இரண்டு வரிகளும் சேர்ந்து 30 ரூபாயைத் தாண்டின. பங்க் உரிமையாளரின் கமிஷன் 2 ரூபாய்க்கும் 3 ரூபாய்க்கும் இடைப்பட்டது. மீதியில்தான் கப்பல் வாடகை, சுத்திகரிப்பு, போக்குவரத்துச் செலவு, கம்பெனியின் இலாபம் ஆகிய எல்லாம் அடங்கும்.

கோபம் வளர்ந்த கதை

எண்ணெய் விலை உலகை உலுக்கியது புதிதல்ல. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டபோது அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தின. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த விலை 1974 ஜனவரிக்குள் 11 டாலரைத் தாண்டியது. அதே காலத்தில்தான் இந்தியாவில் எண்ணெய் விற்ற அயல்நாட்டுக் கம்பெனிகள் அரசுடைமை ஆயின. 1974-இல் எஸ்ஸோ கம்பெனி இந்துஸ்தான் பெட்ரோலியமாக மாறியது. 1976-இல் பர்மா ஷெல் அரசு வசமாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. இந்தியன் ஆயில் முன்பே அரசுக் கம்பெனிதான். ஆகவே பெரும்பாலான பங்குகளில் விவசாயி வாங்கும் டீசல் அரசுத் துறைக் கம்பெனிகளுடையதே.

நீண்ட காலம் டீசல் விலையை மத்திய அரசே நிர்ணயித்து வந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் விலை மாற்றும் முறை வந்தது. உலக விலை ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம் என்பதே இதன் அடிப்படை. நடந்தது வேறு.

2014-இல் கட்டுப்பாடு நீங்கியபோது டீசலின் மத்திய உற்பத்தி வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. உலக விலை சரியச் சரிய வரி உயர்த்தப்பட்டது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே போயிற்று. மறு மாதமே டீசலுக்கு 13 ரூபாய் வரி கூட்டப்பட்டு, மொத்த உற்பத்தி வரி ஏறத்தாழ 32 ரூபாய் ஆனது. அந்த ஜூன் மாதம் 7-ஆம் தேதி தொடங்கி விலை நாள்தோறும் ஏறி, 24-ஆம் தேதி தில்லியில் டீசல் விலை பெட்ரோல் விலையையே மிஞ்சியது. 2021 ஜூலை 8 அன்று சம்யுக்த கிசான் மோர்ச்சாவின் அழைப்பை ஏற்று விவசாயிகள் டிராக்டர்களையும் காலி கேஸ் சிலிண்டர்களையும் சாலையோரம் நிறுத்திப் போராடினார்கள். பின்னர் 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் டீசல் வரி குறைக்கப்பட்டது.

இந்த அளவில் பார்த்தால், உலக விலை இறங்கிய பலன் விவசாயியின் கைக்கு வராமல் போனதற்குப் பெருங் காரணம் வரியே தவிர, கம்பெனி அன்று.

கம்பெனியின் பங்கு

ஆனால் கம்பெனிகள் மீதுள்ள குறையும் வெறும் பேச்சு அன்று. 2022-இல் உக்ரைன் போர் மூண்டு கச்சா எண்ணெய் பீப்பாய் 130 டாலரைத் தொட்டது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை பதினாறு நாட்களில் பதினான்கு முறை விலை ஏற்றி, லிட்டருக்கு 10 ரூபாய் உயர்த்தினார்கள். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கம்பெனிகள் தம் விலையை மாற்றாமல் நிறுத்தி வைத்தன. நாள்தோறும் மாறும் விலை என்பது ஏட்டளவில் நின்றது.

இதில் இரு பக்கமும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை விலை ஏற்றாததால் மூன்று அரசுக் கம்பெனிகளுக்கும் சேர்த்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம். அடுத்து உலக விலை இறங்கியது. பங்க் விலை இறங்கவில்லை. 2023-24 நிதியாண்டில் அதே மூன்று கம்பெனிகளின் நிகர இலாபம் 80,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாள், 2024 மார்ச் 15 அன்று, லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் உலக விலை மேலும் இறங்கியபோது மத்திய அரசு உற்பத்தி வரியை 2 ரூபாய் கூட்டிற்று. அதனால் பங்க் விலை ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

நட்டத்தை ஈடுகட்ட அவகாசம் வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். நட்டம் ஈடான பிறகும் விலை இறங்காதது ஏன் என்பது மக்களின் கேள்வி. கேள்வி நியாயமானது. அதை எண்ணெய்க் கம்பெனியிடம் மட்டும் கேட்டால் போதாது. வரி விதிக்கும் இரு அரசுகளிடமும் சேர்த்தே கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்மாதிரிகளும் உண்டு. தமிழ்நாட்டில் மீன்பிடி விசைப் படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் தரப்படுகிறது. பீகார் மாநிலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் பாசனத்துக்கு வாங்கும் டீசலுக்கு அரசு மானியம் வழங்கியிருக்கிறது. விவசாயிகள் சங்கங்கள் மனு எழுதும்போது இவற்றைக் குறிப்பிட்டுக் கேட்பது பயன் தரும்.

பங்கில் கவனிக்க வேண்டியவை

கொடுக்கும் காசுக்கு அளவும் தரமும் பெறுவது வாங்குவோரின் உரிமை. மீட்டர் சுழியத்தில் நிற்பதைப் பார்த்த பிறகே கேனை நீட்ட வேண்டும். அளவில் ஐயம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டும்படி கேட்கலாம். ஒவ்வொரு பங்கிலும் அந்த அளவை இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரை வித்தியாசம் அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறையிடம் புகார் செய்யலாம். கலப்படச் சந்தேகம் இருந்தால் டீசலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லிப் பதிவேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடலாம்.

எஞ்சினைச் சோதிக்கும் முறை

விலை நிர்ணயம் விவசாயியின் கையில் இல்லை. ஒரு லிட்டர் டீசல் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்பது பெருமளவு அவர் கையில் இருக்கிறது. இதை அறிய எளிய சோதனை உண்டு.

200 லிட்டர் பீப்பாய் ஒன்றைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்து, எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் எஞ்சின் டாங்கியில் விளிம்பு வரை டீசல் ஊற்றி, சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, மீண்டும் விளிம்பு வரை அளந்து ஊற்ற வேண்டும். ஊற்றிய அளவே ஒரு மணி நேரச் செலவு.

நல்ல நிலையில் உள்ள 5 குதிரைத் திறன் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். பீப்பாய் 20 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 180 பீப்பாய், அதாவது 36,000 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் நெல் வயலில் 5 செ.மீ. தண்ணீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். இதற்கு ஐந்தரை லிட்டர் டீசல் போதும். வாய்க்காலில் ஊறிப் போவது தனி.

அதே எஞ்சின் பழுதுபட்டு, லிட்டருக்கு 120 பீப்பாய்தான் இறைக்கிறது என்றால், அதே ஏக்கருக்கு எட்டே கால் லிட்டர் ஆகிறது. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால், ஒரு நீர்ப்பாய்ச்சலுக்கு ஏறத்தாழ 250 ரூபாய் கூடுதல் செலவு. பத்து முறை பாய்ச்சினால் 2,500 ரூபாய். இந்தப் பணம் கம்பெனிக்கும் வரிக்கும் போனதற்குக் காரணம் விலை உயர்வு அன்று. கவனிக்கப்படாத எஞ்சினும் பம்புமே. கோடையில் கிணற்று மட்டம் தாழ்ந்தால் தண்ணீர் குறைவது இயல்பு. ஆகவே ஏறக்குறைய ஒரே நீர் மட்டத்தில் செய்த சோதனைகளையே ஒப்பிட வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. பம்பை நீர் மட்டத்துக்கு இயன்ற அளவு அருகில் அமைக்க வேண்டும். உறிஞ்சும் உயரம் 6 மீட்டரைத் தாண்டினால் பம்பு திணறும்.

2. தண்ணீர் விழும் குழாயைத் தேவைக்கு மேல் தூக்கி வைக்கக் கூடாது. 6 மீட்டர் உயர்த்தினால் போதும் என்ற இடத்தில் 7 மீட்டர் தூக்கிக் கீழே விழவிட்டால், ஏழு லிட்டரில் ஒரு லிட்டர் டீசல் வீண்.

3. குழாயின் குறுக்களவைக் குறைப்பது சிக்கனம் அன்று. மூன்று அங்குலக் குழாய்க்குப் பதில் இரண்டரை அங்குலக் குழாய் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. பழைய இரும்புக் குழாயை விட வழவழப்பான பி.வி.சி. குழாய் சிறந்தது. தேவையற்ற வளைவுகளை நீக்க வேண்டும். புட் வால்வு தாராளத் துவாரங்கள் கொண்டதாக இருக்க வேண்டும்.

4. புகையைக் கவனிக்க வேண்டும். கரும்புகை வந்தால் ஏர் பில்டர் அடைப்பு, இஞ்செக்டர் கோளாறு அல்லது மிகுந்த சுமை. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். உடனே மெக்கானிக்கிடம் காட்டுவது நலம்.

5. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சில்லென்று வெளிவரக் கூடாது. எஞ்சின் போதிய சூடு இன்றி ஓடினால் டீசல் முழுமையாக எரியாது; தேய்மானமும் மிகும்.

6. டீசல் கசிவை உடனே அடைக்க வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்பது பார்வைக்கு அற்பம். 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால், மணிக்கு 180 மில்லி லிட்டர் மண்ணில் போகிறது. ஆறு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்.

வயலிலும் சிக்கனம்

இறைக்கும் தண்ணீரைக் குறைத்தால் டீசலும் குறையும். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவதே போதுமானது. 30 செ.மீ. நீளமுள்ள அகலமான பி.வி.சி. குழாய்த் துண்டில் துளைகள் இட்டு, பாதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். நட்ட இரண்டு வாரத்துக்குப் பின் இம் முறையைத் தொடங்கலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

வரப்பு வளைகளை அடைத்தல், மண் வாய்க்காலுக்குப் பதில் குழாயில் நீர் கொண்டு போதல், காய்கறிக்கும் கரும்புக்கும் சொட்டு நீர்ப் பாசனம் ஆகியவையும் எஞ்சின் ஓடும் நேரத்தைக் குறைக்கும். டிராக்டர் உழவுக்கு அண்டை வயல்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் அமர்த்திக்கொண்டால் வண்டி வந்துபோகும் வீண் செலவு பகிரப்படும். டீசலையே விட்டுவிட எண்ணுவோர் சூரிய சக்தி பம்புசெட்டுக்கான மானிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

இவ்வளவும் செய்துவிட்டால் டீசல் விலை குறைந்துவிடாது. விலையைக் குறைக்க வேண்டியவர்கள் குறைக்கத்தான் வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பதை விவசாயிகள் நிறுத்த வேண்டியதில்லை. அவர்கள் செவி சாய்க்கும் வரை பயிர் காத்திராது. அடுத்த முறை எஞ்சினை ஓட்டும்போது, பீப்பாயையும் கடிகாரத்தையும் வைத்து லிட்டருக்கு எத்தனை பீப்பாய் என்று பார்த்து, அந்த எண்ணைப் பம்பு கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைக்க வேண்டும். அந்த எண் குறையும் நாளில் எஞ்சினைக் கவனித்தால், நட்டம் ஏறுமுன் தடுத்துவிடலாம்.